உறைமேல் முகவரி

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பத்தாம் வகுப்பில் தமிழில் 97 எடுத்தவள். அவர்கள் தெருக்குழாயில் மூன்று வாரமாகத் தண்ணீர் வரவில்லையாம். ஊராட்சித் தலைவரிடம் மனு கொடுக்க வேண்டும், "நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க டீச்சர்" என்றாள்.

"பரீட்சையில கடிதத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு வாங்கினியேடி, நீயே எழுதேன்."

"அது தெருவிளக்குக் கடிதம் டீச்சர். தண்ணிக்கு நீங்க சொல்லித் தரலையே."

கிண்டல் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அவள் சொன்னது சரி.

வருடா வருடம் நான் மூன்று கடிதங்கள் 'கொடுப்பேன்'. தெருவிளக்கு எரியவில்லை என்று மின்வாரியத்துக்கு ஒன்று. உணவு விடுதியில் தரமில்லாத சாப்பாடு, விலையும் கூடுதல் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு ஒன்று. 'மரம் இயற்கையின் வரம்' கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய தோழனுக்கு வாழ்த்து மடல் ஒன்று. விடைத்தாளில் சொந்தப் பெயர், ஊர் எழுதக் கூடாது என்பதால் அனுப்புநர் இடத்தில் அஅஅஅ, ஊருக்கு ஆஆஆஆ. பிள்ளைகளுக்கு அந்த அஅஅஅவும் சேர்ந்தே மனப்பாடம். எப்போதோ ஒருத்தன் நிஜமான விடுப்பு விண்ணப்பத்திலேயே அஅஅஅ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அன்றைக்கு ஆசிரியர் அறையே சிரித்தது. நானும்தான்.

விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். கையில் விடைக்குறிப்பு. அனுப்புநர், பெறுநர், பொருள், கடிதச் செய்தி, இப்படிக்கு, உறைமேல் முகவரி என்று பார்த்துப் பார்த்து டிக் போட வேண்டும். ஒருமுறை அந்த உணவு விடுதிக் கடிதத்தை ஒரு பிள்ளை சொந்தமாக எழுதியிருந்தது. சாம்பாரில் புளிப்பு ஏறியிருந்ததாம். கேட்டதற்குக் கல்லாவில் இருந்தவர், "மத்தவங்க எல்லாம் சாப்பிடலையா?" என்றாராம். தங்கச்சிக்கு ராத்திரி முழுக்க வாந்தி. நாலைந்து எழுத்துப்பிழை உண்டு, உறைமேல் முகவரி இல்லை. ஆனால் அந்த விடைத்தாள் கட்டு முழுவதிலும் படித்தவுடன் கோபம் வந்த கடிதம் அது ஒன்றுதான். நாலு போட்டேன். மேலே சரிபார்த்தவர் சிவப்புப் பேனாவால் மூன்றாக்கினார். அவரைக் குறை சொல்லவில்லை, குறிப்புப்படி அவர் செய்தது நியாயம். அடுத்த தாளில் கைடில் இருந்த அதே கடிதம், அச்சுப் பிசகாமல். ஐந்து போட்டேன். போடாமல் இருக்க எனக்கு வழியில்லை.

படம் ஒன்றைக் கொடுத்து 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று கேட்கும் கேள்வியின் கதையும் இதேதான். எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற நாலு வரி பிள்ளைகளிடம் தயாராக இருக்கிறது. நான் கண்ட காட்சி, என்னை எழுதத் தூண்டிய காட்சி என்கிற ரீதியில் போகும். படத்தைப் பார்க்கவே தேவையில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்லிக் கொடுக்கிறாய் என்று கேட்பீர்கள். 35 எடுக்காவிட்டால் பத்தாம் வகுப்பு முடியாதே! மெல்லக் கற்கும் பிள்ளைகளைக் கரையேற்ற ஜனவரியிலிருந்து எங்களுக்கு வேறு வேலையே கிடையாது. எது மதிப்பெண் தருமோ அதைத்தான் வகுப்பறை செய்யும். பேச்சுக்கும் கேட்டலுக்கும் பத்தாம் வகுப்புத் தமிழில் ஒரு மதிப்பெண்கூட இல்லை, 100-ம் எழுத்துக்கே. அதனால் பிள்ளைகள் வாய் திறக்கும் பாடவேளை பத்தாம் வகுப்பில் இல்லாமலே போய்விட்டது. அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. அமிலத்தைச் சொட்டு சொட்டாக விட்டுக் காட்டினால்தான் நம்புவோம் என்கிறோம். தமிழுக்குச் செய்முறை பேசுவதுதானே?

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தமிழுக்கு மொத்தம் 200 மதிப்பெண். அதில் 70 வாய்மொழிக்கும் கேட்டலுக்கும். ஒரு காணொளியைக் காட்டி அதைப் பற்றிப் பிள்ளையிடம் பேச்சுக் கொடுக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவது குறைந்துவரும் ஊர், அவர்கள் கவலை வேறு என்பது தெரியும். இருந்தாலும் அந்த 70 எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

இங்கேயும் முயலாமல் இல்லை. 2012-இல் எட்டாம் வகுப்பு வரை, வருடத்தை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது, வகுப்பிலேயே நாங்கள் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு 60 என்று பிரித்தார்கள். செயல்பாடுகளுக்கென்றே அந்த நாற்பதில் இருபது. சந்தோஷப்பட்டேன். ரெண்டே வருடத்தில் அது சார்ட் பேப்பர் வியாபாரமாகிவிட்டது. கடைசி நாளில் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாக 18, 19, 18 என்று நிரப்பியவர்களில் நானும் ஒருத்தி. நாற்பது பேரை ஒரு பாடவேளையில் பேசவிட்டுக் கேட்க முடியாது என்பது ஒரு காரணம். நம் பிள்ளைக்கு நாமே ஏன் குறைத்துப் போட வேண்டும் என்பது இன்னொன்று. அதனால் அகமதிப்பீடு என்ற பெயரில் எங்கள் கையிலேயே கொடுத்துவிடாதீர்கள். செய்முறைத் தேர்வு மாதிரி வெளியிலிருந்து ஓர் ஆசிரியர் வரட்டும். பிள்ளை ஒரு செய்தியை வாசித்துக் காட்டி, அதைப் பற்றி மூன்று நிமிடம் பேசட்டும். பத்தே மதிப்பெண் போதும். கடிதத்துக்கு யாரும் கொடுத்திராத புதுச் சூழல் ஒன்று கேளுங்கள். உறைமேல் முகவரி இல்லாவிட்டால் போகிறது.

சரி, அந்தப் பெண். நான் எழுத மறுத்துவிட்டேன். "தலைவர் எதிர்ல உட்கார்ந்திருக்கார்னு நெனச்சுக்க, என்ன சொல்லுவே?" என்றேன். மடமடவென்று சொன்னாள். எத்தனை வீடு, கடைசியாக எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது, மோட்டார் போடுகிறவர் என்ன பதில் சொன்னார், வயசானவர்கள் எவ்வளவு தூரம் குடம் தூக்குகிறார்கள். "இதைத்தான் எழுது" என்று தாளைக் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம். அனுப்புநர் இடத்தில் பேனா ஒரு விநாடி நின்றது, அப்புறம் சொந்தப் பெயரை எழுதினாள்.

மடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "உறைமேல் முகவரி வேணுமா டீச்சர்? நேர்லதான் கொடுக்கப் போறேன்."