திரையில் வெள்ளைப் புள்ளி வந்தால் வைரஸ் இல்லை

"லேப்டாப் திரையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் வைரஸ் ஏறிவிட்டது, உடனே விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுங்கள்" என்று நெல்லைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. தப்பு. போட்டோக்களைப் பறிகொடுப்பதுதான் மிச்சம், புள்ளி அப்படியே இருக்கும்.

ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அதில் புள்ளி இல்லையென்றால் மென்பொருளில் கோளாறு இல்லை. சந்தேகம் தீரவில்லையா, பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) போங்கள். விண்டோஸ் வருவதற்கு முன்பே புள்ளி அங்கே உட்கார்ந்திருக்கும்.

லேப்டாப் திரையான எல்சிடி பேனலுக்குப் பின்னால் வெளிச்சத்தைச் சீராகப் பரப்ப மெல்லிய தாள்கள் அடுக்கியிருக்கும், சார்ஜரையும் சோற்று டப்பாவையும் லேப்டாப்போடு ஒரே பையில் திணித்துக்கொண்டு வண்ணார்பேட்டையில் நெரிசல் பஸ் ஏறினால் மூடி அழுந்தி அந்தத் தாள்களில் தடம் விழும், அப்புறம் அந்த இடம் மட்டும் ஓரம் மங்கலாக, நடுவில் பளிச்சென்று தெரியும், அதுவும் வெள்ளைப் பின்னணியில்தான் நன்றாகத் தெரியும். கடுகை விடச் சின்னதாக, சிவப்போ பச்சையோ கூர்மையாக நின்றால் அது வேறு, பிக்சல் (படத்தை உருவாக்கும் குட்டிப் புள்ளி) கோளாறு.

துணியால் அழுத்தித் தேய்த்தால் போகும் என்பதும் வேண்டாத வேலை, இன்னும் நாலு புள்ளி வரும். கண்ணை உறுத்தவில்லையென்றால் அப்படியே ஓட்டலாம். உறுத்தினால் பேனலை மாற்ற வேண்டியதுதான். கடையில் விண்டோஸ் போடத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.