க்ரோயான்டி: குதிரைகள் டாங்கிகள் மீது பாயவில்லை

1939இல் போலந்துக் குதிரைப்படை ஈட்டியும் வாளுமாக ஜெர்மன் டாங்கிகள் மீது பாய்ந்து மடிந்தது என்றும், ஜெர்மன் டாங்கிப் படைத் தளபதி குடேரியனே தம் நினைவுக் குறிப்புகளில் அதை எழுதியிருப்பதால் ஐயத்துக்கு இடமில்லை என்றும் நண்பர் ஒருவர் கூறியிருக்கிறார். குடேரியன் எழுதியது உண்மைதான், நடந்தது வேறு.

செப்டம்பர் 1 மாலையில் போலந்தின் க்ரோயான்டி என்ற சிற்றூரின் அருகே, கர்னல் மஸ்தாலெஷ் தலைமையிலான 18ஆம் உலான் (போலந்துக் குதிரைப்படை) ரெஜிமென்ட்டின் வீரர்கள், காட்டு வெளியில் ஓய்ந்திருந்த ஜெர்மன் காலாட்படையினர் மீதுதான் வாளேந்திப் பாய்ந்து அவர்களைச் சிதறடித்தனர். அதன்பின் மரங்களுக்கிடையிலிருந்து வெளிப்பட்ட ஜெர்மன் கவச வண்டிகளின் இயந்திரத் துப்பாக்கிகள் அந்தக் குதிரை வீரர்களை வீழ்த்தின. மஸ்தாலெஷும் அங்கேயே உயிரிழந்தார். பின்னர் அங்கு அழைத்துவரப்பட்ட இத்தாலியச் செய்தியாளர்கள், இறந்துகிடந்த குதிரைகளையும் அருகில் நின்ற டாங்கிகளையும் சேர்த்துப் பார்த்து எழுதிய செய்தியை, ஜெர்மன் பிரச்சாரத் துறை ஊதிப் பெருக்கியது. அதையே பல வெகுஜனப் போர் வரலாற்று நூல்கள் சரிபார்க்காமல் பெயர்த்தெழுதிக்கொண்டன.

வேடிக்கை என்னவென்றால், போலந்துக் குதிரைப்படையின் நெருக்குதலால் பின்வாங்க வேண்டியிருப்பதாகத் தம் படைப்பிரிவு ஒன்று அன்றிரவு தெரிவித்ததையும் குடேரியன் அதே நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பக்கத்தை மேற்கோள் காட்டுவோர் அரிது. மேலும், போலந்துக் குதிரைப்படையினருக்குக் குதிரை பெரும்பாலும் விரைந்து இடம்பெயர்வதற்கே பயன்பட்டது. இறங்கி நின்று போரிடுவதே வழக்கம், 37 மி.மீ. போஃபர்ஸ் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளும் அவர்களிடம் இருந்தன. அதே நாளில் மோக்ரா என்ற ஊரில் போலந்தின் வோலின் குதிரைப்படைப் பிரிகேட் அவற்றின் துணையோடு ஜெர்மனியின் 4ஆம் பான்சர் (டாங்கி) டிவிஷனை நாள் முழுதும் தடுத்து நிறுத்தியது.