பாராசெல்சஸைத் துணைக்கு அழைப்பவர்களுக்கு

“எல்லாமே நஞ்சுதான், நஞ்சில்லாத பொருள் கிடையாது, அளவு ஒன்றுதான் ஒரு பொருளை நஞ்சாகாமல் வைக்கிறது.” பூச்சிமருந்து, அஜினோமோட்டோ, ஆலைக் கழிவு என்று இங்கே எதைப் பற்றி விவாதம் வந்தாலும், யாராவது ஒருவர் இந்தக் கருத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். “டோஸ்தான் சார் எல்லாம்!” அதோடு பேச்சு முடிந்தது.

சொன்னவர் பாராசெல்சஸ், பதினாறாம் நூற்றாண்டு சுவிஸ் மருத்துவர். 1538-இல் தன்மேல் வந்த பழிகளுக்குப் பதிலாக ஏழு தற்காப்புரைகள் எழுதினார். நோயாளிகளுக்கு விஷம் கொடுக்கிறார் என்பது அந்தப் பழிகளில் ஒன்று. பாதரசத்தையும் உலோக உப்புகளையும் மருந்தாகக் கொடுத்தால் சக வைத்தியர்கள் சும்மா இருப்பார்களா? (ஆளும் வாய்த்துடுக்கு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1527-இல், அன்றைய வைத்தியர்கள் வேதமாக மதித்த பாரசீக மருத்துவர் அவிசென்னாவின் மருத்துவ நூலை நெருப்பில் போட்டார், லத்தீனை விட்டுவிட்டு ஜெர்மனில் பாடம் நடத்தினார், அடுத்த வருடமே ஊரைவிட்டு ஓடினார்.) ஆக, அது ஒரு மருத்துவரின் வழக்குரை. நான் அளந்துதான் கொடுக்கிறேன் என்கிறார்.

வாதம் சரிதான். இன்றைக்கு ஆர்செனிக் ட்ரையாக்சைடு ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து. மறுபக்கம், சாதாரண பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுத்துவிடும். நச்சியல் துறை அவரைத் தந்தை என்று கொண்டாடுவதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் அங்கே அளக்க ஒரு மருத்துவர் இருக்கிறார், நோய் தீரவேண்டும் என்ற நோக்கம் இருக்கிறது. இரண்டுமே இல்லாத இடத்தைப் பற்றியும் இதே மனிதர் எழுதியிருக்கிறார், அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. சிறுவயதில் ஆஸ்திரியாவின் ஃபில்லாக் ஊர்ப் பக்கத்துச் சுரங்கங்கள், பிறகு ஆல்ப்ஸ் மலைப் பகுதியான டிரோலின் சுரங்கங்கள் என்று பார்த்து வளர்ந்தவர், சுரங்கத் தொழிலாளர்களின் நோய்களுக்கென்றே தனி நூல் எழுதினார். மலை ஆவிகள் கொடுக்கும் தண்டனை என்று பேசப்பட்ட நோய்க்கு, மூச்சோடு உள்ளே போகும் உலோக ஆவிதான் காரணம் என்றார். உலோகம் உருக்கும் உலையில் நிற்பவர்களையும் பாதரசத்தோடு புழங்குபவர்களையும் தனித்தனியாகப் பார்த்தார். ஒரே உலோகம் சட்டென்று கொல்வது வேறு, வருடக்கணக்கில் உடம்பில் சேர்ந்து அரிப்பது வேறு என்பதும் அவருக்குப் புரிந்திருந்தது. அவர் இறந்து 26 வருடம் கழித்து, 1567-இல்தான் அந்த நூல் அச்சானது.

என் பார்வையில் அவருடைய பெரிய காரியம் இதுதான். உலையில் நிற்பவனுக்கு அன்றைய டோஸை யார் எழுதிக் கொடுத்தார்கள்? ஈயத்தில் பாதிப்பில்லாத அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அங்கே போய் “டோஸ்தான் எல்லாம்” என்பது அரைகுறைப் பேச்சு.

அந்தத் தற்காப்புரைகளும் சுரங்க நூலும் 1941-இல் ஆங்கிலத்தில் ஒரே தொகுப்பாக வந்தன. முடிந்தால் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அதே தொகுப்பில் நீர்த்தேவதைகள், குள்ளர்கள் பற்றியும் ஒரு கட்டுரை உண்டு, அதையும் அவர் அதே தீவிரத்தோடுதான் எழுதியிருக்கிறார்.