'கிரியேட்டினின் நார்மல்' என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள்

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேருக்கு முதல் சில நாட்களிலேயே சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள். சிலருக்கு டயாலிசிஸ் வரை போகிறது. ஆனால் ஐசியு வாசலில் காத்திருக்கும் குடும்பத்தார் கேட்பதெல்லாம் புதுக் கல்லீரலைப் பற்றித்தான். சிறுநீரகத்தைப் பற்றி அவர்களிடம் யாரும் முன்கூட்டிப் பேசியிருப்பதில்லை. ஐசியு செவிலியராகப் பல ஆண்டுகள் இந்த நோயாளிகளின் கட்டிலருகே நின்றவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

சிறுநீரகம் ஏன் அடிபடுகிறது? பழைய கல்லீரலை எடுக்கும்போது பெரிய இரத்தக் குழாய்களை இடுக்கியிட்டு நிறுத்த வேண்டியிருக்கிறது. இரத்தம் நிறையப் போகலாம். புதுக் கல்லீரலுக்குள் மீண்டும் இரத்தம் பாயும் அந்தச் சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் சட்டென்று சரியலாம். சிரோசிஸால் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய்) ஏற்கெனவே நலிந்திருக்கும் சிறுநீரகம் இத்தனையையும் தாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள், உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ்.

இந்த அடியைக் கண்டுபிடிக்க நாம் நம்பியிருப்பது இரத்தத்தில் கிரியேட்டினின் அளவை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது; சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் தேங்கி ஏறும். என் கோபமெல்லாம் இங்கேதான். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. அதன் மூலப்பொருளான கிரியேட்டினைப் பெருமளவு தயாரிப்பது கல்லீரல். சிரோசிஸ் நோயாளிக்குத் தசையும் கரைந்திருக்கும், கல்லீரலும் கெட்டிருக்கும். அதனால் அவருடைய கிரியேட்டினின் முதலிலிருந்தே குறைவாகத்தான் இருக்கும். மஞ்சள் காமாலை அதிகமாக இருந்தால், சில பரிசோதனை முறைகளில் காமாலையின் மஞ்சள் நிறப் பொருளான பிலிருபின் குறுக்கிட்டு அளவை இன்னும் குறைத்துக் காட்டும். அறுவை அரங்கில் ஏற்றிய திரவங்கள் அதை மேலும் நீர்க்கச் செய்துவிடும். இவை எதுவும் இல்லாவிட்டாலும், சிறுநீரகம் அடிபட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அந்த எண் ஏறும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். அறுவைக்கு முன் ஒருவருக்குக் கிரியேட்டினின் 0.5. மூன்றாம் நாள் 1.0. லேப் ரிப்போர்ட்டில் அடிக்கோடு இருக்காது, நட்சத்திரக் குறி இருக்காது. எல்லாம் இயல்பு வரம்புக்குள்தான். ஆனால் 2012-இல் வெளியான கேடிகோ (KDIGO) என்ற சர்வதேசச் சிறுநீரக அமைப்பின் வழிகாட்டுதலின்படி, ஒரு வாரத்துக்குள் இரண்டு மடங்கானால் அது இரண்டாம் நிலைச் சிறுநீரகப் பாதிப்பு. 48 மணி நேரத்தில் 0.3 ஏறினாலே முதல் நிலை. "நார்மல்தான்" என்ற ஒரே சொல்லில் ஒரு முழுநாள் வீணாவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கிரியேட்டினினுக்கு முன்பே எச்சரிக்கக்கூடியது ஒன்று கட்டிலின் ஓரத்திலேயே தொங்குகிறது: யூரின் பை. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மில்லிக்குக் குறைவாக ஆறு மணி நேரம் சிறுநீர் போனால் அதுவே பாதிப்பின் அடையாளம். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம், அளவுக்கோடு போட்ட சிறிய அறையுள்ள பை போதும். மணிக்கு ஒருமுறை குனிந்து பார்த்து எழுத ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. இரவில் ஒரு செவிலியரிடம் மூன்று நோயாளிகளை ஒப்படைத்தால் என்ன நடக்கும்? காலையில் பையிலிருப்பதை மொத்தமாக அளந்து, ஆறால் வகுத்து, ஆறு கட்டங்களிலும் ஒரே எண்ணை எழுதிவைப்பார்கள். அப்படிப்பட்ட சார்ட்டுகளை நான் கையில் வாங்கியிருக்கிறேன். நள்ளிரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் நின்றுபோனது அதில் தெரியவே தெரியாது. அந்தச் செவிலியரைத் திட்டி என்ன பயன்? இந்த நோயாளிக்கு ஒருவருக்கு ஒருவர் என்று செவிலியர் இருக்க வேண்டும். அதைச் செலவு என்று நினைக்கும் நிர்வாகம், பிறகு டயாலிசிஸ் இயந்திரத்துக்கு ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும்.

சிறுநீர் குறைந்தவுடன் சிறுநீரைப் பெருக்கும் லாசிக்ஸ் மருந்தைப் போட்டு, பை நிரம்பியதும் நிம்மதி அடைவது இன்னொரு பழக்கம். சிறுநீர் வந்துவிட்டதாலேயே சிறுநீரகம் பிழைத்துவிட்டது என்று ஆகாது. அதே மருந்தை முறையாக ஒரு சோதனையாகவும் பயன்படுத்தலாம். உடலில் நீர்ச்சத்து போதுமான அளவு இருக்கும்போது, குறிப்பிட்ட அளவு கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் 200 மில்லிகூட வரவில்லையென்றால் பாதிப்பு முற்றக்கூடும் என்று புரிந்துகொள்ளலாம்.

புதிய பரிசோதனைகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். சிறுநீரகம் அடிபட்டால் உயரும் என்கால் (NGAL) என்ற புரதம், இதய அறுவை செய்துகொண்ட குழந்தைகளில் இரண்டு மணி நேரத்திலேயே உயர்ந்ததை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறுநீரில் இரண்டு புரதங்களைச் சேர்த்து அளக்கும் நெஃப்ரோசெக் பரிசோதனைக்கு அமெரிக்கா 2014-இல் அனுமதி கொடுத்தது. ஜெர்மனியில் இதய அறுவை நோயாளிகளிடம் அந்தப் பரிசோதனையை வைத்து ஆபத்தில் இருப்பவர்களைப் பிரித்தெடுத்து, இரத்த அழுத்தத்தையும் திரவத்தையும் கவனமாகப் பேணி, சிறுநீரகத்துக்கு ஆகாத மருந்துகளைத் தவிர்த்தார்கள். பாதிப்பு 72 சதவீதத்திலிருந்து 55 சதவீதமாகக் குறைந்தது. கல்லீரல் நோயாளிகளுக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. தொற்று இருந்தாலும் என்கால் ஏறும். இரத்தத்தில் அளக்கும், தசையைச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற புரதம் நல்ல அளவுகோல்தான், ஆனால் ஸ்டீராய்டு கொடுத்தால் அதுவும் உயரும். மாற்று அறுவை நோயாளிக்கு ஸ்டீராய்டு இல்லாத முதல் வாரம் ஏது? இருந்தும், கிரியேட்டினினை மட்டும் பார்ப்பதைவிட இவற்றையும் சேர்த்துப் பார்ப்பது மேல் என்பேன்.

சீக்கிரம் தெரிந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. டாக்ரோலிமஸ், 1984-இல் ஜப்பானின் சுகுபா மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து வந்த அருமருந்து. ஆனால் அது சிறுநீரகத்துக்குள் இரத்தம் நுழையும் நுண்குழாய்களைச் சுருக்குகிறது. பாதிப்பு தெரிந்தால் அதைச் சில நாள் தள்ளிப்போடலாம், அல்லது குறைந்த அளவில் தொடங்கலாம். அறுவை நாளன்றும் நான்காம் நாளும் போடும், நிராகரிப்பைத் தடுக்கும் பாசிலிக்சிமாப் ஊசி அந்த இடைவெளியைத் தாங்கும். ஐந்தாம் நாள் கிரியேட்டினின் 3-ஐத் தொட்ட பிறகு யோசித்தால் இந்த வாய்ப்புகளில் பாதி போய்விடும்.

இது முதல் வாரத்தோடு முடிகிற கதையும் இல்லை. அமெரிக்காவில் 2003-இல் வந்த பெரிய ஆய்வில், கல்லீரல் மாற்றிக்கொண்டவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு வந்தவர்கள் சுமார் 18 சதவீதம். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று சேர்ந்திருப்பது பெரிய விஷயம். சிறுநீரகத்தைத் தொடர்ந்து கண்காணிப்பதும் அதே சிகிச்சையின் பகுதிதான் என்று மருத்துவமனைகள் முதல் நாளிலேயே குடும்பத்தாரிடம் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த அறுவை நடக்கப்போகிறது என்றால், அறுவைக்கு முந்தைய கிரியேட்டினின் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு நாளும் "நார்மலா?" என்று கேட்காமல், "முன்பு இருந்ததைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது? நேற்று இரவு மணிக்கு எவ்வளவு சிறுநீர் போனது? டாக்ரோலிமஸ் அளவு என்ன?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். வீடு திரும்பிய பிறகு மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் என்று கடையில் கேட்டு வாங்காதீர்கள், இந்த வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஆகாதவை. பம்பளிமாஸ் வேண்டாம், அது டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். வயிற்றுப்போக்கு வந்தாலும் அந்த அளவு ஏறும், உடலில் நீரும் வற்றும், சிறுநீரகம் இரண்டு பக்கமும் அடி வாங்கும். அன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.