வீடு கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன வேண்டுமாம்?

சென்னையில் கூவம், அடையாறு கரைகளில் குடிசைகளை இடிக்கும்போதெல்லாம் நம்மவர்கள் வாயில் தவறாமல் வரும் வசனம் இது: "மாடி வீடு கொடுத்தாலும் இவர்கள் அதை விற்றுவிட்டுக் கரைக்கே திரும்பிவிடுகிறார்கள்." சொல்கிறவர்கள் ஒரு வாரம், அந்த மாடி வீடுகள் இருக்கும் நகரின் தென்கோடிப் பெரும்பாக்கத்தில் குடியிருந்து, நகர நடுவில் உள்ள ஆயிரம்விளக்குக்கு வேலைக்கு வந்துபோகட்டும். பிறகு பேசலாம்.

கரையில் இருந்தவரை ஒரு பெண் காலையில் மூன்று நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு, மதியம் வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு, மாலையில் மறுபடி வேலைக்குப் போக முடிந்தது. எல்லாம் நடக்கிற தூரம். அவளைக் கொண்டுபோய் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளி வைத்தால் அந்த வீடுகளில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். 2021 முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் நெரிசலில் கரையும் நேரத்துக்கு எந்த அரசாணையும் கிடையாது. கோயில் வாசலில் பூ விற்றவளின் பாடு இன்னும் மோசம். புது இடத்தில் அவளைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் அவளைப் போலவே கையில் காசில்லாதவர்கள். யார் வாங்குவார்கள்?

அவசரத்துக்குக் கடன் தந்த கடைக்காரர், பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு ஆயா, வேலைக்குச் சொல்லிவிடும் மேஸ்திரி, இவர்கள் எல்லாரும் இடம் மாறும்போது சிதறிப் போகிறார்கள். எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் இது வராது.

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்பதுதான் அதன் முழக்கம். குடிசை இருந்த இடத்திலேயே மாடி கட்டிக் கொடுப்பது அன்றைய வழக்கம். மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பம் அப்படி வந்ததுதான். 2000ஐ ஒட்டிக் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று ஏழைகள் தெற்கே நகர்த்தப்பட்டுக்கொண்டே போனார்கள். 2021இல் வாரியத்தின் பெயரும் மாறியது, 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று.

வெள்ள அபாயம் என்று காரணம் சொல்வார்கள். சரி, கொண்டுபோய் வைத்த இடம் எது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம். பெருமழை பெய்தால் செம்மஞ்சேரித் தெருக்களில் தண்ணீர் நிற்பதை மாலைச் செய்திகளில் பார்க்கிறோம். அதே அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, எம்.ஆர்.சி. நகரில், பல மாடிக் கட்டடங்கள் நிம்மதியாக நிற்கின்றன. ஆற்றுக்கு ஆள் பார்த்துப் பொங்கத் தெரியுமா என்ன?

கண்ணகி நகருக்குப் பக்கத்திலேயே ராஜீவ் காந்தி சாலையின் கண்ணாடி வைத்த ஐ.டி. அலுவலகங்கள். அங்கே இவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் துப்புரவு வேலையும் காவலாளி வேலையும்தான். படித்த பிள்ளைகள்கூட விண்ணப்பத்தில் உறவினர் வீட்டு முகவரியை எழுதுகிறார்கள். ஊர்ப் பெயரைப் பார்த்தாலே முகம் மாறுகிறது என்பது அவர்கள் அனுபவம்.

நகருக்குள் நிலம் எங்கே என்று கேட்பார்கள். புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் பழைய குடியிருப்பை இடித்து அங்கேயே உயர்த்திக் கட்டினார்களே! (2021இல் சுவரைத் தொட்டால் பூச்சு உதிர்ந்தது. அந்தக் கோபம் கட்டியவர்கள் மீது இருக்கட்டும்.) ஆக, வழி தெரியாமல் இல்லை. அடுத்த முறை ஆற்றோரம் பொக்லைன் வந்து நிற்கும்போது, எத்தனை சதுர அடி வீடு என்பதோடு, அங்கிருந்து வேலைக்குப் போக எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் அதிகாரிகள் எழுத்தில் சொல்லட்டும்.