பினாங்கில் ஏது வசந்தம்?

மலேசியாவில் நம்மவர்கள் எழுதும் இயற்கைக் கவிதைகளைப் படிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம். எழுதுகிறவர் இருப்பது பினாங்கிலா, தஞ்சாவூரிலா? மார்கழிப் பனி பெய்கிறது, வசந்தம் வருகிறது, குயில் கூவுகிறது. (குயில் இங்கேயும் உண்டு. விடியற்காலையில் மனிதனைத் தூங்க விடாது. அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.) வருடம் முழுக்க வேகிற ஊரில் பனிக்கு எங்கே போவது?

அங்சானா மரம் எத்தனை சாலையோரத்தில் நிற்கிறது! வெயில் காய்ந்து மழை விழுந்த சில நாளில் மரமே மஞ்சளாகிவிடும். ஒரு நாள் கூத்துதான். மறுநாள் தார் ரோடு, காடிக் கூரை, கால்வாய் எங்கும் பூ. நாம் கார்க் கண்ணாடியில் ஒட்டியதைத் தள்ளிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவோம்.

இந்த அங்சானா, சங்கப் பாட்டில் வரும் வேங்கைக்குப் பங்காளி. இரண்டும் ஒரே பேரினம். குறுந்தொகை 47-ஆம் பாட்டில் பாறைமேல் வேங்கைப்பூ உதிர்ந்து கிடக்கிறது, பார்த்தால் புலிக்குட்டி. அந்தக் காட்டு வழியே ராத்திரியில் தலைவியைப் பார்க்க ஒளிந்து வருகிற காதலனுக்கு நீ நல்லது செய்யவில்லை என்று தோழி நிலவைக் கடிந்துகொள்கிறாள். நாலே அடி. அவளுக்கு என்ன பயம் என்று பாட்டு வாய் திறக்கவில்லை.

இப்போது எழுதுகிறவர்களுக்கு இந்த வாயடக்கம்தான் கைவரவில்லை. மூன்று வரி நன்றாக ஓடும், நாலாவது வரியில் ‘மனிதா, மரத்திடம் கற்றுக்கொள்’ என்று உபதேசம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அமைதியான கவிதை என்று பெயர். ஒலிபெருக்கி வைத்த அமைதி. போட்டிகளும் இதற்கு உடந்தை. ஒரு நடுவர் என்னிடமே கேட்டார், “எல்லாம் சரிங்க, கருத்து எங்க?”

தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே தாவரவியல் பூங்காவுக்குள் நடந்து பாருங்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சாம்பல் குரங்குகள் கிளையில் உட்கார்ந்து இலை தின்றுகொண்டிருக்கும். தாய் சாம்பல் நிறம், மாரில் தொங்கும் பிஞ்சுக்குட்டி மட்டும் பளீரென்று ஆரஞ்சு. சில மாதத்தில் அந்த நிறம் போய்விடும். தாயைப் போலச் சாம்பலாகிவிடும். பிள்ளை வளர்த்த யாருக்கும் இதற்குமேல் விளக்கம் வேண்டாம். நம்மில் ஒருவர்கூட இதை எழுதி நான் படித்ததில்லை. தாமரை பற்றிய கவிதை மட்டும் வாரம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது, அடியில் காலை வணக்கத்தோடு.

யாராவது எழுதியிருந்தால் கீழே போடுங்கள். உபதேச வரியை வெட்டிவிட்டுப் போடுங்கள்.