எழுத்துக்கு 400 ரூபாய்

(திருச்சியில் மலேசியச் சாப்பாட்டுக் கடை திறக்கப்போகும் மருமகன். மலேசியாவின் கிள்ளான் நகரில் பிறந்து வளர்ந்து, திறப்பு விழாவுக்கென்றே விமானம் ஏறி வந்த மாமா. பையைக் கீழே வைக்கும் முன்பே பெயர்ப்பலகையைப் பற்றிக் கேட்டுவிட்டார்.)

மருமகன்: "மலாய் ஃபுட்" என்று போடச் சொல்லிவிட்டேன் மாமா. எல்இடி எழுத்து ஒன்றுக்கு 400 ரூபாய். இங்கிலீஷில் மலாய்க்கு ஐந்தே எழுத்து, 2,000த்தோடு போச்சு.

மாமா: மாப்பிள்ளை, நான் யார்?

மருமகன்: என்ன கேள்வி இது? மாமா!

மாமா: பாஸ்போர்ட்டில் நான் மலேசியன். ஆனால் மலாய்க்காரன் இல்லை. மலாய் என்றால் அந்த இனம், அந்த மொழி. மலேசியன் என்றால் மலாய்க்காரர், சீனர், நாம் எல்லாரும் அதில் அடக்கம். சரி, என்ன விற்கப்போகிறாய்?

மருமகன்: ரொட்டி சானாய், நுரை பொங்க ஆற்றும் தே தாரிக் டீ, தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக்.

மாமா: இதில் நாசி லெமாக்தான் மலாய்க்காரர் சமையல். ரொட்டி சானாய் நம் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, அங்கே அதைத் தட்டிப் போடுவதே பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள்தான், அந்தக் கடைக்குப் பெயர்கூட மாமாக் கடை.

மருமகன்: உங்கள் பெயரில் கடையா! இருந்தாலும் மலேசியன் என்றால் ஒன்பது எழுத்து மாமா, 1,600 கூடுதல். நடுவாக "மலாயன்"? ஏழு.

மாமா: நான் பிறந்தது 1960. அப்போது நாடு மலாயா, நானும் மலாயன். 1963இல் சபா, சரவாக், சிங்கப்பூர் எல்லாம் சேர்ந்து மலேசியா ஆனது, சிங்கப்பூர் இரண்டே வருடத்தில் தனிக்குடித்தனம் போய்விட்டது. இன்றைக்கு மலாயன் என்றால் முதலில் "மலாயன் டைகர்" என்கிற புலிதான் ஞாபகம் வரும். புலிக்கறி விற்கிறாயா என்று வனத்துறை வந்து நிற்கும்.

மருமகன்: பலகைக்காரன் வேறு, "மலையாள ஹோட்டலா சார், புட்டு உண்டா?" என்று கேட்டான்.

மாமா: பார்த்தாயா!

மருமகன்: (விரல்விட்டு எண்ணி, முகம் மலர்ந்து) கோலாலம்பூரை நீங்கள் எல்லாரும் கேஎல் கேஎல் என்றுதானே சொல்கிறீர்கள்? "கேஎல் ஃபுட்"! இரண்டே எழுத்து, 800 ரூபாய்!

(மாமா பேசாமல் அவனை வாசலுக்கு அழைத்துப்போய், எதிரே நின்ற லாரியின் நம்பர் பிளேட்டைக் காட்டுகிறார்.)

மருமகன்: கேஎல்... கேரளா வண்டி.

மாமா: புட்டுக்கு அரிசி ஊறப் போடச் சொல்.